பிசியா, கன்சோலா? ‘அப்புறம் அப்கிரேடு பண்ணிக்கலாம்’ என்பதை நம்பலாமா?

“மச்சி, பிஎஸ்5 எடுக்கவா, இல்ல பிசி பில்டு பண்ணவா?”

சம்பளம் ஏறிய மாதத்திலோ போனஸ் வந்த வாரத்திலோ பல நண்பர்கள் குழுக்களில் வந்து விழும் கேள்வி இது. பதில்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். “பிசிதான் பெஸ்ட், அப்புறமா அப்கிரேடு பண்ணிக்கலாம்” என்பார் ஒருவர். “கன்சோல் எடு, ஆன் பண்ணா ஓடும், தலைவலியே இல்ல” என்பார் இன்னொருவர்.

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. கன்சோலுக்கு வாங்கும் நாளில் காசு குறைவு. ஆனால் ஒவ்வொரு கேமுக்கும் கூடுதலாகப் போகும். பிசிக்கு முதல் நாளில் செலவு அதிகம். ஆனால் பாகம் பாகமாக மாற்றலாம். அந்த ‘மாற்றலாம்’ என்ற வசதிதான் பலரை பிசி பக்கம் இழுக்கிறது. அது எல்லா பிசிக்கும் தானாகக் கிடைத்துவிடாது. முதல் நாள் கடையில் எந்த மதர்போர்டு, எந்த எஸ்எம்பிஎஸ், எந்த கேபினட் வாங்கினீர்கள் என்பதிலேயே அது முடிவாகிவிடும்.

50 ஆயிரம், 60 ஆயிரம் ரூபாய் என்பது பலருக்கு மாதக்கணக்கில் சேர்த்த பணம், அல்லது ஒரு வருட இஎம்ஐ. எனவே கணக்கை முதலிலேயே போட்டுவிடலாம்.

கன்சோல் ஏன் மலிவாகத் தெரிகிறது?

பிளேஸ்டேஷன் 5-ஐத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதும் கம்ப்யூட்டர்தான். ஏஎம்டி நிறுவனத்தின் 8 கோர் ‘ஜென் 2’ பிராசஸர், அதே நிறுவனத்தின் கிராபிக்ஸ் சிப், 16 ஜிபி மெமரி, வேகமான எஸ்எஸ்டி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-க்குள்ளும் கிட்டத்தட்ட இதே குடும்பத்துப் பாகங்கள்தான்.

இதே திறனுள்ள பாகங்களைத் தனித்தனியாக வாங்கி பிசி அசெம்பிள் செய்தால் பெரும்பாலும் கன்சோல் விலைக்குள் அடங்காது. காரணம், கன்சோல் நிறுவனங்கள் பெட்டியில் லாபம் பார்ப்பதைவிட, அதற்குப் பிறகு வரும் வருமானத்தையே நம்புகின்றன. எபிக் - ஆப்பிள் வழக்கில் 2021-ல் சாட்சியம் அளித்த மைக்ரோசாஃப்ட் நிர்வாகி, எக்ஸ்பாக்ஸ் கருவியை லாபத்துக்கு விற்றதே இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னார். கேம் விற்பனையில் பங்கு, ஆன்லைன் சந்தா, கூடுதல் கன்ட்ரோலர் என்று அந்தப் பணம் பிறகு வசூலாகிறது.

கன்சோலுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. கோடிக்கணக்கான பிஎஸ்5-களுக்குள் ஒரே பாகங்கள் இருப்பதால், கேமை உருவாக்குபவர்கள் அதற்கென்றே அளவு பார்த்துத் தைக்கிறார்கள். பிசியில் ஆளுக்கொரு பிராசஸர், ஆளுக்கொரு கிராபிக்ஸ் கார்டு. அதனால்தான் ஒரே கேம் ஒருவர் பிசியில் சிக்கலின்றி ஓடுகிறது, இன்னொருவர் பிசியில் திக்குகிறது.

நான்கு வருடக் கணக்கு

இந்தியாவில் பிஎஸ்5 விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரியில். டிஸ்க் மாடலின் விலை அப்போது ரூ.49,990. சோனியின் பெரிய கேம்களுக்கு வைத்த விலை ரூ.4,999.

வருடத்துக்கு மூன்றே மூன்று புதிய கேம் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடத்தில் 12 கேம். அந்த விலைக்கே ரூ.59,988 ஆகிறது. அதாவது, பெட்டிக்குக் கொடுத்ததைவிட கேமுக்குக் கொடுத்தது அதிகம். இதோடு, காசு கொடுத்து வாங்கிய கேமை நண்பர்களோடு ஆன்லைனில் விளையாட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் வேண்டும். ஃபோர்ட்நைட் மாதிரியான இலவச கேம்களுக்கு மட்டும் இந்தச் சந்தா தேவையில்லை.

இந்தச் செலவைக் குறைக்க வழி இருக்கிறது. டிஸ்க் மாடல் வைத்திருப்பவர்கள் முடித்த கேமை விற்கலாம், நண்பரோடு மாற்றிக்கொள்ளலாம், பழைய டிஸ்க்கைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். டிஸ்க் வசதி இல்லாத டிஜிட்டல் மாடலில் இது எதுவும் நடக்காது. ஸ்டோர் சொல்வதுதான் விலை. 2023 இறுதியில் வந்த மெலிதான பிஎஸ்5-ல், டிஜிட்டல் மாடலுக்கும் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

பிசியில் நிலைமை தலைகீழ். ஆன்லைனில் விளையாட மாதச் சந்தா கிடையாது. ஸ்டீமில் ரூபாயிலேயே விலை இருக்கிறது, வருடத்தில் பலமுறை பெரிய தள்ளுபடி வரும். எபிக் ஸ்டோர் 2018 இறுதியில் தொடங்கியதிலிருந்து இலவச கேம்களைக் கொடுத்து வருகிறது. ஆனால் பிசியில் வாங்கிய கேமை யாருக்கும் விற்க முடியாது.

பிசி பட்ஜெட் போடும்போது பலர் விட்டுவிடும் வரிகளும் உண்டு. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்செட், விண்டோஸ் லைசென்ஸ், யூபிஎஸ். கன்சோல் வாங்குபவருக்கு ஹாலில் டிவி ஏற்கெனவே இருக்கும். பிசி வாங்குபவர் மேசையிலிருந்து தொடங்க வேண்டும்.

கரன்ட் பில்லையும் பார்த்துவிடலாம். கன்சோல் சுமார் 200 வாட் எடுக்கிறது என்றும், நடுத்தர கேமிங் பிசி மானிட்டரோடு சேர்த்து 350 வாட் எடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். தினம் 2 மணி நேரம் விளையாடினால், இரண்டு மாத பில்லில் கன்சோலுக்கு 24 யூனிட், பிசிக்கு 42 யூனிட். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் யூபிஎஸ் வாங்கும்போது இந்த வாட் கணக்கு முக்கியம். சாதாரண 600 விஏ யூபிஎஸ் தாங்கும் சுமை பொதுவாக 360 வாட் அளவுதான். கேமிங் பிசியை அதில் மாட்டினால், கேம் ஓடும்போது கரன்ட் போனால் பிசியும் சேர்ந்தே அணைந்துவிடலாம்.

எந்த கேம் விளையாடப் போகிறீர்கள்?

எந்த மெஷின் என்பதைவிட முந்திக் கேட்க வேண்டிய கேள்வி இது. வாங்கிய பிறகு, “நான் விளையாட நினைச்ச கேம் இதுல வராதா?” என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டும் பிசியில் மட்டுமே. வாலரன்ட் 2020-ல் பிசியில் வந்தது. கன்சோலுக்கு 2024-ல்தான் வந்தது. கன்சோலில் விளையாடுபவர்கள் கன்சோல்காரர்களோடுதான் மோத முடியும். உங்கள் கூட்டாளிகள் எல்லோரும் பிசியில் இருந்தால், நீங்கள் மட்டும் பிஎஸ்5 வாங்கினால் தனியாகத்தான் உட்கார வேண்டும்.

ராக்ஸ்டார் கேம்களில் கதை வேறு. ஜிடிஏ 5 கன்சோலில் வந்தது 2013 செப்டம்பரில். பிசிக்கு வந்தது 2015 ஏப்ரலில். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ம் கன்சோலில் வந்து ஒரு வருடம் கழித்துத்தான் பிசிக்கு வந்தது. ஜிடிஏ 6-ஐயும் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு என்றுதான் அறிவித்தார்கள். முதல் நாளே விளையாட வேண்டும் என்றால் கன்சோல்தான் வழி.

சோனியின் சொந்த கேம்கள் சிலவும் தாமதமாக பிசிக்கு வந்துள்ளன. 2018-ல் வந்த காட் ஆஃப் வார் பிசிக்கு 2022-ல் வந்தது. 2020-ல் வந்த கோஸ்ட் ஆஃப் சுஷிமா 2024-ல் வந்தது. நான்கு வருடம் காத்திருக்கப் பொறுமை இருந்தால், குறைந்த விலையில் பிசியிலேயே விளையாடிவிடலாம். மைக்ரோசாஃப்டின் கேம்கள் பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸ், பிசி இரண்டிலும் ஒரே நாளில் வருகின்றன. எனவே நல்ல பிசி வைத்திருப்பவருக்கு எக்ஸ்பாக்ஸ் தனியாகத் தேவைப்படுவது அரிது.

அப்கிரேடு எங்கே முடிவாகிறது?

“இப்போ சின்னதா போட்டுக்கலாம், அப்புறமா மாத்திக்கலாம்.” ரிச்சி ஸ்ட்ரீட்டில் பில்டு பேசும்போது அடிக்கடி காதில் விழும் வாக்கியம். நல்ல யோசனைதான். ஆனால் மூன்று பாகங்கள் ஒத்துழைத்தால்தான் நடக்கும்.

முதலாவது, மதர்போர்டு. பிராசஸர் உட்காரும் சாக்கெட் எவ்வளவு காலம் புழக்கத்தில் இருக்கும் என்பதுதான் கேள்வி. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் முதல் ரைசன் பிராசஸர்கள் வந்தது 2017-ல். 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-ஐயும் அதே சாக்கெட்டில் மாட்ட முடிந்தது. பயாஸ் அப்டேட் கிடைத்த பழைய போர்டு வைத்திருந்தவர்கள், ஐந்து வருடம் கழித்தும் பிராசஸரை மட்டும் மாற்றி வேகத்தைக் கூட்டிக்கொண்டார்கள்.

இன்டெலில் கதை வேறு மாதிரி போனது. 7-வது தலைமுறைக்கும் 8-வது தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் ஒன்றுதான், எல்ஜிஏ 1151. ஆனாலும் பழைய போர்டில் 8-வது தலைமுறை பிராசஸர் வேலை செய்யவில்லை. 10, 11-வது தலைமுறைகளுக்கு ஒரு சாக்கெட், 12 முதல் 14 வரை இன்னொரு சாக்கெட். தலைமுறை மாறினால் போர்டும் மாற வேண்டும். போர்டு மாறும்போது டிடிஆர்4-லிருந்து டிடிஆர்5-க்குப் போனால் பழைய ரேமும் பயன்படாது. அப்போது அதன் பெயர் அப்கிரேடு என்று இருந்தாலும், நடப்பது பாதி பிசியைப் புதிதாக வாங்குவதுதான்.

இரண்டாவது, எஸ்எம்பிஎஸ். பட்ஜெட் இடிக்கும்போது முதலில் கத்தி விழுவது இதில்தான். கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்-ல் ‘450 வாட்’ என்று ஸ்டிக்கர் இருக்கும். அது அந்த அளவைத் தொடர்ந்து தருமா என்பது ஸ்டிக்கருக்கே வெளிச்சம். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு எடுப்பது 115 வாட்தான். ஆனாலும் முழு பிசிக்கும் சேர்த்து 550 வாட் எஸ்எம்பிஎஸ் வைக்கச் சொல்கிறது என்விடியா. தரமில்லாத எஸ்எம்பிஎஸ் செத்துப்போகும்போது மதர்போர்டையோ கார்டையோ கூட்டிக்கொண்டு போகலாம். 80 பிளஸ் சான்று உள்ள, ஐந்து வருட வாரன்டி தரும் ஒன்றை முதல் நாளே வாங்கினால், அடுத்த இரண்டு அப்கிரேடுக்கும் அதுவே போதும்.

மூன்றாவது, கேபினட். புதிய கார்டுகளில் பல, இரண்டு மூன்று ஃபேனோடு ஒரு அடி நீளம் வரை வருகின்றன. உள்ளே இடமில்லை என்றால், கார்டு வாங்கிய அன்றே கேபினட்டும் வாங்க வேண்டும். காற்று உள்ளே வந்து வெளியே போக வழி இல்லாத, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய கேபினட், சென்னை வெயிலில் பிசியை அடுப்பாக்கிவிடும்.

பில் போடுவதற்கு முன் கடையில் கேட்க வேண்டியது: “இந்த போர்டுல ரெண்டு வருஷம் கழிச்சு எந்த பிராசஸர் வரைக்கும் போகலாம்? இந்த எஸ்எம்பிஎஸ் எந்த கார்டு வரைக்கும் தாங்கும்? ரேமுக்கு இன்னும் ஸ்லாட் காலியா இருக்கா?” இதற்குத் தெளிவான பதில் வராவிட்டால், அந்த பில்டில் ‘அப்புறமா மாத்திக்கலாம்’ என்பது வெறும் பேச்சுதான்.

கன்சோலில் மாற்றவே முடியாதா?

ஸ்டோரேஜ் மட்டும் முடியும். பிஎஸ்5-ல் எம்.2 எஸ்எஸ்டி மாட்ட ஒரு ஸ்லாட் இருக்கிறது. ஜென் 4 வகை, நொடிக்கு 5,500 எம்பி வேகம், ஹீட்சிங்க் ஆகியவை சோனி சொல்லும் தேவைகள். பிசிக்கு விற்கும் சாதாரண எஸ்எஸ்டி-யே போதும் என்பதால் கடை கடையாக விலை விசாரிக்கலாம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸில் அதற்கென்றே தயாரான விரிவாக்க கார்டு வேண்டும்.

பிராசஸர், கிராபிக்ஸ் எதையும் தொட முடியாது. தலைமுறை மாறும்போது பெட்டியையே மாற்ற வேண்டும். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வந்தபோது பிஎஸ்4-ல் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, சோனி தன் ஸ்டோரிலிருந்தே அதை நீக்கியது. ஆறு மாதம் கழித்துத்தான் திரும்பச் சேர்த்தது. 2023-ல் வந்த அதன் கூடுதல் கதை பிஎஸ்4-க்கு வரவே இல்லை.

பிசிக்காரர்களும் இதிலிருந்து தப்பவில்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், ரே டிரேசிங் வசதி உள்ள கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் ஓடாது என்று கையை விரித்துவிட்டது. ஜிடிஎக்ஸ் கார்டுகளோடு இருந்தவர்களுக்குக் கதவு மூடியது. வித்தியாசம் இதுதான்: பிசிக்காரர் கார்டை மட்டும் மாற்றினால் போதும், முதல் நாள் எஸ்எம்பிஎஸ் சரியாக வாங்கியிருந்தால்.

ஏற்கெனவே பிசி இருக்கிறதா? இதை முதலில் பாருங்கள்

புதிய பாகம் வாங்கும் முன், காசு செலவில்லாத ஐந்து சோதனைகள்.

1. மானிட்டர் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது? கிராபிக்ஸ் கார்டில் மாட்ட வேண்டிய எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் மாட்டிவிட்டு, “கார்டு போட்டும் ஸ்லோவா இருக்கே” என்று புலம்புவது சர்வசாதாரணம்.

2. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், விண்டோஸ் செட்டிங்ஸில் 60-லேயே நிற்கிறதா? டிஸ்பிளே அமைப்பில் போய் மாற்றுங்கள்.

3. ரேம் தன் முழு வேகத்தில் ஓடுகிறதா? பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை ஆன் செய்யாவிட்டால், வாங்கிய வேகம் முழுதாகக் கிடைக்காது.

4. தூசி. இரண்டு வருடம் திறக்காத கேபினட்டில் ஃபேனும் ஹீட்சிங்கும் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும். சூடு ஏறினால் பிராசஸரும் கார்டும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

5. கேம் செட்டிங்ஸில் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் இருக்கிறதா? காட்சியைச் சிறிய அளவில் வரைந்து, பெரிதாக்கிக் காட்டும் தொழில்நுட்பம் இது. டிஎல்எஸ்எஸ்-க்கு ஆர்டிஎக்ஸ் கார்டு வேண்டும். எஃப்எஸ்ஆரின் முந்தைய பதிப்புகள் பழைய ஜிடிஎக்ஸ் கார்டுகளிலும் ஓடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கேம் திக்கினால், எந்தப் பாகம் மற்றதைக் காக்க வைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஹோட்டலில் ஆர்டர் எடுத்து வருபவர் பிராசஸர், தோசை மாஸ்டர் கிராபிக்ஸ் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் குவிந்து கிடந்தால் மாஸ்டருக்குத்தான் சுமை. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், ஆர்டர் எடுப்பவர் திணறுகிறார் என்று அர்த்தம்.

கேம் ஓடும்போது விண்டோஸ் பட்டனோடு ‘ஜி’ எழுத்தை அழுத்தினால் ஒரு சின்ன பட்டை திறக்கும். அதில் பிராசஸர், கிராபிக்ஸ், ரேம் எத்தனை சதவீதம் வேலை செய்கின்றன என்று தெரியும். கிராபிக்ஸ் 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் எல்லை. அது 60, 70-ல் அலைந்துகொண்டு, எஃப்பிஎஸ்-ம் குறைவாக இருந்தால் பெரும்பாலும் பிராசஸர்தான் எல்லை. ரேம் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால், விடை அங்கேயே இருக்கிறது.

செலவழிக்கும் வரிசை

விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி. எஃப்பிஎஸ் பெரிதாக ஏறாது. ஆனால் லோடிங் நேரம் குறையும், நடுவில் உறைந்து நிற்பது குறையும். சைபர்பங்க் போன்ற கேம்கள் 2023-லிருந்தே எஸ்எஸ்டியைக் குறைந்தபட்சத் தேவையாக்கிவிட்டன.

8 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால், அதேபோல இன்னொன்றைச் சேர்த்து 16 ஜிபி ஆக்குவது அடுத்த படி. இரண்டு குச்சிகள் ஜோடியாக வேலை செய்யும்போது ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே போக்குவரத்து இரட்டிப்பாகும். தனி கார்டு இல்லாமல் பிராசஸரின் கிராபிக்ஸையே நம்பும் பிசியில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியும்.

அதற்குப் பிறகுதான் கிராபிக்ஸ் கார்டு. எவ்வளவு பெரிய கார்டு என்பதை மானிட்டர்தான் சொல்ல வேண்டும். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி-ல் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். 1080பி மானிட்டரிலிருந்து 4கே-க்குப் போனால், கார்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நான்கு மடங்கு புள்ளிகளை வரைய வேண்டும். 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டரை வைத்துக்கொண்டு 4கே-க்கான கார்டு வாங்கினால், அதன் பலம் திரைக்கு வந்து சேராது. பழைய போர்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற சில மலிவு கார்டுகள் நான்கே லேன்களைப் பயன்படுத்துகின்றன. பிசிஐஇ 3.0 போர்டில் அவற்றின் வேகம் குறையும்.

பிராசஸர் கடைசி. அதே சாக்கெட்டில் மேலே போக வழி இருந்தால் நல்ல லாபம். போர்டு, ரேம் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும் என்றால், புதிய பிசியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதும் இந்த முடிவைப் பாதிக்கும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும். இன்டெலில் பொதுவாக 8-வது தலைமுறை, ரைசனில் 2000 வரிசை முதல்தான் அதிகாரபூர்வ ஆதரவு. விண்டோஸ் 11-ல் வாலரன்ட் விளையாட டிபிஎம் 2.0-ம் செக்யூர் பூட்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும். 7-வது தலைமுறை பிசிக்குப் பெரிய காசு போட்டு கார்டு வாங்குவதற்கு முன் இதை யோசியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணால் பார்த்து வாங்கினால். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றியதும், கிராபிக்ஸ் கார்டு வைத்து அதை மைனிங் செய்வது முடிவுக்கு வந்தது. இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. அப்படி ஓடிய கார்டு எல்லாமே கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கும்.

விற்பவர் பிசியிலேயே அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டிப் பாருங்கள். திரையில் கோடு, புள்ளி வந்தாலோ ஃபேன் கரகரத்தாலோ விட்டுவிடுங்கள். பில் கேளுங்கள், சீரியல் நம்பரை வைத்து வாரன்டி மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கூரியரில் அனுப்புகிறேன், முன்பணம் போடுங்கள் என்றால் வேண்டாம்.

லேப்டாப் பற்றி ஒரு வார்த்தை

பிஜி-யில் தங்கி, சென்னைக்கும் பெங்களூருவுக்கும் மாறி மாறி அலைபவர்களுக்கு கேமிங் லேப்டாப் வசதியாகத் தெரியும். ஆனால் அதில் கிராபிக்ஸ் சிப் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். மாற்ற முடிவது பெரும்பாலும் ரேமும் எஸ்எஸ்டியும் மட்டும்தான். சில மாடல்களில் ரேமும் முடியாது. அந்த வகையில் அது கன்சோலுக்குத்தான் நெருக்கம். ஒரே பெயருள்ள கிராபிக்ஸ் சிப்புக்கு ஒரு லேப்டாப்பில் 60 வாட்டும் இன்னொன்றில் 100 வாட்டும் கொடுத்திருப்பார்கள். வேகமும் அதற்கேற்ப மாறும். வாங்கும்போது சிப்பின் பெயரோடு வாட் அளவையும் கேளுங்கள்.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் கேம் போடுவது மட்டும் வேண்டாம். வாலரன்ட் போன்றவற்றின் சீட்டிங் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் அடி ஆழம் வரை அனுமதி கேட்கும். ஐடி டீமின் கண்ணில் பட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

விலை குறையும் என்று காத்திருக்கலாமா?

முன்பெல்லாம் கன்சோல் விலை வருடம் போகப் போகக் குறையும். பிஎஸ்4 அமெரிக்காவில் 2013-ல் 399 டாலருக்கு வந்தது. 2016-ல் அதன் மெலிதான மாடல் 299 டாலர். பிஎஸ்5-ல் இது தலைகீழாகிவிட்டது. 499 டாலருக்கு வந்த டிஸ்க் மாடல் அங்கே 2025 ஆகஸ்டில் 549.99 டாலர் ஆனது. இந்தியாவிலும் ரூ.49,990 விலை 2022-லேயே ரூ.54,990 ஆகிவிட்டது.

பிசி பக்கம் ரேம் விலை இடித்தது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் போகத் தொடங்கியதால், 2025 கடைசியில் ரேம் விலை ஏறியது. கிரூஷியல் என்ற பெயரில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ரேம், எஸ்எஸ்டி விற்கும் தொழிலையே நிறுத்துவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது.

எனவே, ‘அடுத்த வருஷம் பாதி விலைக்கு வந்துடும்’ என்ற பழைய கணக்கை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அதேபோல, ஓடிக்கொண்டிருக்கும் டிடிஆர்4 பிசியை அவசரப்பட்டுக் கழற்றவும் வேண்டாம். கையில் இருக்கும் ரேமுக்கே மதிப்பு கூடியிருக்கிறது.

அப்போ, யாருக்கு எது?

வீட்டில் நல்ல டிவி இருக்கிறது, வருடத்துக்கு இரண்டு மூன்று பெரிய கேம் போதும், ஜிடிஏ 6 முதல் நாளே வேண்டும் என்பவர்களுக்கு கன்சோல். முடிந்தவரை டிஸ்க் மாடல். டிவியில் ‘கேம் மோடு’ ஆன் செய்ய மறக்க வேண்டாம். கன்ட்ரோலரில் அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் உள்ள தாமதம் அதில் குறையும்.

வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக், டோட்டா என்று தினமும் விளையாடுபவர்கள், எடிட்டிங், கோடிங், 3டி என்று சொந்த வேலையும் இருப்பவர்கள், தள்ளுபடிக்குக் காத்திருந்து நிறைய கேம் வாங்குபவர்கள் ஆகியோருக்கு பிசி. பட்ஜெட் இடித்தால் கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்குங்கள். எஸ்எம்பிஎஸ்-லும் போர்டிலும் இறங்காதீர்கள். கார்டை இரண்டு வருடத்தில் மாற்றலாம். மற்ற இரண்டையும் மாற்றுவது என்றால் மொத்தப் பெட்டியையும் கழற்றிப் போட வேண்டும்.

நான்கைந்து வருடப் பழைய பிசி வைத்திருப்பவர்கள், கடைக்குப் போவதற்கு முன் வழக்கமாக விளையாடும் கேமை அரை மணி நேரம் ஓட்டி, எந்தப் பாகம் திணறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். போர்டின் மாடல், எஸ்எம்பிஎஸ்-ன் வாட், கேபினட்டுக்குள் எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்ற மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் “இது உங்க போர்டுக்கு சூட் ஆகுங்க” என்று சொல்லும்போது, அது சரிதானா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.